மூடாத கீழ்முனை

மணி அடித்தது. நீள மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கு ஒரு இடம் நகர்ந்து அடுத்த மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தார்கள். ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து சங்கரவடிவு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் அவளைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தப் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் செய்முறைத் தேர்வு, அவள் வெளித்தேர்வாளர். உடம்புக்கு முடியவில்லை என்று நேற்றே சொல்லியிருந்தால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார்கள். ஐந்து மாதம் தாண்டிய வயிறு, யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் புருஷன் நெல்லையப்பன் எதிரே உட்கார்ந்திருப்பான். எதுவும் கேட்க மாட்டான். டீ வேண்டுமா என்பான், ஃபேனைக் கூட்டவா என்பான், பிறகு கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே வந்தால் சாயங்காலம் வரை யோசிக்காமல் இருந்துவிடலாம் என்று பஸ் ஏறியிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்றோ வேண்டாம் என்றோ. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். "ஒங்க வீட்டுக்காரர் சொன்னாப் போதாதும்மா. நீங்க ஒங்க வாயால சொல்லணும். கையெழுத்தும் ஒங்களது மட்டுந்தான்." மரியாதையாகத்தான் சொன்னாள், சட்டம் அப்படி. அந்த மரியாதையைத் தூக்கி அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம் போல இருந்தது சங்கரவடிவுக்கு. யாராவது ஒருவர் தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டால் நல்லது. வாழ்நாள் முழுவதும் அந்த ஆளை வெறுத்துக்கொண்டு இருந்துவிடலாம்.

மணி மறுபடியும் அடித்தது. நாலாவது மைக்ராஸ்கோப்பில் இப்போது கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப்பெண். அதில் என்ன இருக்கிறது என்று சங்கரவடிவுக்குத் தெரியும். தேர்வு தொடங்குமுன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியது வெளித்தேர்வாளரின் வேலை. முதலில் தவளை முட்டை, அடுத்து ஏதோ ஒரு லார்வா, அதற்கடுத்துப் பல்லி வால் குறுக்குவெட்டு, பிறகு கோழிக்கரு. இரண்டாம் நாள் கோழிக்கரு. செந்நீலச் சாயம் ஏறி, தலை ஒரு பக்கம் வீங்கி, முதுகு நெடுக இரண்டு கோடுகளாக நரம்புக்குழாய். மேலே மூடியிருந்தது, நடுவில் மூடியிருந்தது, வால் பக்கத்தில் மட்டும் கோடுகள் விலகி ஈட்டி முனை மாதிரி ஒரு திறப்பு. வருடா வருடம் பார்ப்பதுதான். பார்த்துவிட்டு நிமிர முடியவில்லை. கண்ணைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாக் கோழிக்கும் அந்த நேரத்தில் அது திறந்துதான் இருக்கும், அதில் பிசகு எதுவும் இல்லை. அந்த முட்டையை இன்னும் கொஞ்ச நேரம் சூட்டில் விட்டுவைத்திருந்தால் மூடியிருக்கும். விட்டுவைக்கவில்லை. உடைத்து, சாயத்தில் முக்கி, கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார்கள், இனி எப்போதும் திறந்தே இருக்கும்படி. "ஃபோகஸ் சரியா இருக்கா மேடம்?" என்று பக்கத்திலிருந்து ஜெபக்கனி கேட்டாள். இந்தக் கல்லூரியின் ஆசிரியை, உள்தேர்வாளர். காலையில் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டி வந்தவள். "சரியா இருக்கு" என்றாள் சங்கரவடிவு. இதை மாற்றி வேறு ஏதாவது வையுங்கள் என்றிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது.

தன் வகுப்பில் இதை நடத்தும்போது அவள் முன்வரிசைப் பெண் ஒருத்தியின் துப்பட்டாவை வாங்கி மேசையில் விரிப்பாள். இது தட்டு, பாருங்கள், இரண்டு ஓரமும் எழும்புகிறது, ஒன்றை ஒன்று பார்த்து வளைகிறது, தொடுகிறது, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் தொடங்கி மேலேயும் கீழேயும் ஜிப் மாதிரி ஓடி மூடும். மேல்முனை மூடாவிட்டால் மூளை இல்லை, கீழ்முனை மூடாவிட்டால் முதுகுத்தண்டு வெளியே கிடக்கும். இதெல்லாம் எப்போது நடக்கிறது? தாய்க்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று சந்தேகம் வருகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கல்யாணம் ஆனதுமே ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடுங்கள் என்பது. பெண்கள் சிரிப்பார்கள், கல்யாணம் என்ற சொல்லுக்கே சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவளே சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், குட்டியாக மஞ்சள் மாத்திரை, எட்டு வருடமாக, மூன்று டாக்டர்கள் மாறியபோதும் அது மட்டும் மாறவில்லை. ஐப்பசியில் நிறுத்தினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூரில் தங்கி விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டாள், அதற்குக் காப்புக் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மனதை அதற்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலை மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தபோது தோன்றியது, இதையும் விழுங்கிக்கொண்டு அங்கேயும் போய் நின்றால் நான் உன்னை முழுசாக நம்பவில்லை என்று முருகனிடம் சொல்கிற மாதிரி ஆகிவிடுமே என்று. அவ்வளவுதான். அட்டையை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். ஒரே ஒரு நினைப்பு, அதுவும் பல் துலக்குகிற நேரத்தில் வந்தது. ஆறு நாளும் ஒரு வேளை பாலும் பழமும். ஐந்தாம் நாள் கடலில் குளித்து ஏறும்போது தலை சுற்றியது, ஓங்கரித்தது. வெறும் வயிற்றுப் பித்தம், இளநீர் குடி என்றார்கள் கூடத் தங்கியிருந்த பெண்கள். எப்போதுமே நாள்கணக்கு ஒழுங்கில்லாத உடம்பு, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சூரசம்காரத்தன்று மணலில் கூட்டத்தோடு கூட்டமாகக் கைகூப்பி நின்று பிள்ளை வேண்டும், பிள்ளை வேண்டும் என்று அழுதபோது பிள்ளை உள்ளேதான் இருந்தது. அந்த நாட்களில்தான் அதன் முதுகு ஓரங்கள் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டிருந்தன.

மாத்திரை சாப்பிட்டிருந்தால்? வகுப்பில் அவளே எழுதிப்போட்ட கணக்கு, பத்தில் ஏழு தடுக்கலாம். அப்படியென்றால் பத்தில் மூன்று, மாத்திரை சாப்பிட்டாலும் வரும். நேற்றிலிருந்து அவள் அந்த மூன்றுக்குள் போய் ஒண்டிக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்த ஏழு வந்து கதவைத் தட்டியது. காரணம் சொல்ல முடியாதும்மா, மனசப் போட்டு உழப்பாதீங்க, மாத்திரை ஒழுங்காப் போட்டவங்களுக்கும் வரத்தான் செய்யுது என்றாள் டாக்டர். ஒழுங்காப் போட்டீங்களா என்று கேட்கவில்லை. நெல்லையப்பனும் கேட்கவில்லை. அவன் கேட்காததற்குக் காரணம் அவனுக்குச் சந்தேகமே இல்லாதது. வீட்டில் விலங்கியல் படித்தவள் அவள்தானே. யாருக்கும் தெரியாது. இதுதான் போய்ப் போய் இடித்துக்கொள்கிற இடம். வேண்டாம் என்று சொன்னால் எதற்காகச் சொல்கிறாள்? பிள்ளை கஷ்டப்படும் என்றா, அல்லது தான் செய்தது தன் கண் முன்னால் தவழ்ந்துகொண்டிருக்கும் என்றா? கொலை செய்தவன் தடயத்தை அழிக்கிற மாதிரி. சரி, வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்? அப்போது அந்தப் பிள்ளை பிள்ளையாக இருக்காது, அவளுக்குக் கிடைத்த தண்டனையாக இருக்கும். ஒரு குழந்தையை அப்படி வளர்க்கலாமா? எந்தப் பக்கம் போனாலும் நடுவில் தான் வந்து நின்றாள். பிள்ளையை மட்டும் தனியாகப் பார்க்க முடியவில்லை. அதன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தால் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை அட்டை தெரிந்தது.

உள்ளே அசைந்தது. வலது பக்கம், விலாவுக்குக் கீழே, மீன் திரும்புகிற மாதிரி. இரண்டு வாரமாக இப்படி அசைகிறது. முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய், வாசலில் நின்ற நெல்லையப்பனிடம் உதைக்குது என்றாள். அவன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்து காதை வைத்தான். நேற்று ஸ்கேன் அறையின் குளிரில் டாக்டரம்மா அந்தக் கருவியை வயிற்றில் அழுத்தி அழுத்தி, இந்தப் பக்கம் ஒருக்களிங்க, அந்தப் பக்கம் ஒருக்களிங்க, கொஞ்சம் நடந்துட்டு வாங்க, தண்ணி குடிச்சிட்டு வாங்க என்று வெகுநேரம் பார்த்தாள். தலை எலுமிச்சம்பழம் மாதிரி நெற்றிப் பக்கம் ஒடுங்கியிருக்கு, மூளையில தண்ணி கோத்திருக்கு, முதுகுல கீழ திறந்திருக்கு என்றாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். சங்கரவடிவு படம் பார்க்கத் தெரிந்தவள், யாரும் விளக்க வேண்டியதில்லை. "கால் ரெண்டும் அசையலம்மா. இவ்வளவு நேரமாப் பாக்கேன், அசையல." "உதைக்குதே டாக்டர்." "அது கையா இருக்கும்" என்றாள் டாக்டர். கை. அவ்வளவு நாளும் கை. உள்ளிருந்து கையால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது, இவர்கள் உதைக்கிறது உதைக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறந்தா உயிரோட இருக்கும் என்றாள் டாக்டர். முதுகுல ஆபரேஷன், தலையில குழாய் வைக்க ஒரு ஆபரேஷன், அப்புறம் எத்தனைன்னு இப்பச் சொல்ல முடியாது. நடக்காமப் போகலாம். ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடங்காது. நல்லாப் படிக்கவும் செய்யலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னாள்? எதிர்த் தெருவில் அருணாசலம் சார் மகள் சக்கர நாற்காலியில்தான் பேங்க் வேலைக்குப் போகிறாள், தள்ளிவிட வருகிறவர்களைத் திட்டுவாள், வாய் பெரிய வாய். அவள் சந்தோஷமாக இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவள் அம்மாவின் முதுகு வளைந்திருக்கிற வளைவு. இருபது வருடம் தூக்கித் தூக்கி இறக்கிய வளைவு. நாம் இரண்டு பேரும் போனபிறகு யார் தூக்குவார்கள்? அருணாசலம் சார் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. பேசாமல் கொலு வைக்கிறார்கள், பேசாமல் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசி மணி அடித்து, பெண்கள் விடைத்தாள்களை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். ஜெபக்கனி வந்து எழுப்பினாள். வெளித்தேர்வாளருக்கு எப்போதும் ஓட்டல் பிரியாணி வாங்கி வைப்பார்கள். இன்று துறையில் இருந்த நாலு ஆசிரியைகளும் ஆளுக்கு ஒன்றாகச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று காலையில் தேர்வு அலுவலகத்தில் யாரோ சொல்ல, பக்கத்தில் வீடு இருந்தவள் ஓடிப்போய்ப் பாயசமும் வைத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம், நடுவில் மஞ்சளாக எலுமிச்சைச் சாதம். கண்ணாடி வளையல் ஒரு டஜன். "எங்க டிபார்ட்மெண்ட்ல இதுக்கு முன்னால ஒரு எக்ஸ்டர்னல் இப்படி வயித்தத் தள்ளிக்கிட்டு வந்ததில்ல மேடம்" என்றாள் ஒருத்தி. "ஏட்டி, பேச்சப் பாரு" என்று இன்னொருத்தி அவள் தோளில் அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சங்கரவடிவும் சிரித்தாள். சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கையை நீட்டச் சொல்லி வளையலை ஏற்றினார்கள், ஒவ்வொன்றாக, முட்டி இடிக்காமல். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல்லைத்தானே காலையிலிருந்து வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள், அதை இங்கே, ஒரு வளையலுக்காகச் செலவழிக்க வரவில்லை. "எந்த மாசம் மேடம்?" "ஆனி." "வயிறு கூராத்தான் இருக்கு, பையன்தான்." "ஒனக்கு எல்லாம் பையன்தான். ஒன் நாத்தனாருக்கும் அப்படித்தான் சொன்ன, மூணும் பொண்ணு." "உதைக்கானா மேடம்?" "ம்." "நல்லா உதைக்கட்டும், உதைக்கிற பிள்ளதான் நல்லா ஓடும்." சாப்பிடுமுன் ஜெபக்கனி எல்லோரையும் அமர்த்திவிட்டுக் கண்ணை மூடினாள், மூடியபடியே கையை நீட்டிச் சங்கரவடிவின் வயிற்றின் மேல் லேசாக வைத்தாள். ஆண்டவரே, இந்தச் சகோதரிக்கு நீர் கொடுத்த கனியைக் காத்துக்கொள்ளும், குறையில்லாமல் சுகமாய் வெளியே கொண்டு வாரும். குறையில்லாமல் என்ற இடத்தில் அந்தக் கையை எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது. எடுத்து எறியவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. நேற்றிலிருந்து யாரும் அங்கே கை வைக்கவில்லை. நெல்லையப்பன்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "என்ன மேடம், கொறிக்கீங்க? ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்லா." சாப்பிட்டாள். எலுமிச்சைச் சாதத்தைத்தான் முதலில் முடித்தாள். பசித்தது. இப்படிப் பசிக்கும் என்று அவள் நினைக்கவில்லை, பசித்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.

பிற்பகலில் வாய்மொழித் தேர்வு. ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து நின்றார்கள். சங்கரவடிவு தவளையைக் கேட்டாள், இதயத்தைக் கேட்டாள், நஞ்சுக்கொடி எத்தனை வகை என்று கேட்டாள். நரம்புக்குழாயின் பக்கம் போகவில்லை. கடைசிக்கு முந்தியவள் அந்தக் கண்ணாடி போட்ட ஒல்லிப்பெண், இசக்கிதுர்கா என்று பெயர். இவளிடம் ஜெபக்கனியே கேட்டுவிட்டாள், "நாலாவது ஸ்லைடுல வால் பக்கம் பாத்தியே, அது மனுசக் கருவுல மூடலைன்னா என்ன ஆகும்?" "முதுகுத்தண்டுல குறை வரும் மேடம்." "பிள்ள பிழைக்குமா?" "பிழைக்கும் மேடம்." "ம், அப்புறம்?" பெண் யோசித்தாள். புத்தகத்தில் அதற்குப் பிறகு இரண்டு வரி உண்டு, சங்கரவடிவுக்கு அந்தப் பக்கத்தின் எந்த மூலையில் என்பதுகூடத் தெரியும். பெண்ணுக்கு அது வரவில்லை. "அப்புறம் தெரியல மேடம்" என்றாள். "வெளியில சொல்லிக்கிடாத, மூணு வருசமா நான்தான் நடத்துதேன்" என்று ஜெபக்கனி சிரித்தாள். அப்புறம் தெரியல. சங்கரவடிவு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இல்லாமல், வெட்கம் இல்லாமல், இதுவரை தெரியும் இதற்கு மேல் தெரியாது என்று சொல்லிவிட்டு நிற்கிறாள். தனக்கும் அதுதான் தெரியவில்லை. ஆபரேஷன் தெரியும், குழாய் தெரியும், கால் தெரியும், அப்புறம் தெரியவில்லை. தான் நல்ல தாயாக இருப்பாளா, நாலு வருடம் கழித்து ஒரு நாள் மூத்திரத்துணியை அலசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளையைப் பார்த்து உன்னால் என்று வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிடுமா, அது தெரியவில்லை. வந்துவிடும். அது மட்டும் தெரிந்தது. பல் துலக்கும்போது வந்த நினைப்பு மாதிரி எங்கிருந்தோ வந்துவிடும். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். அதற்கு நல்லாப் படிக்க வரும் என்றுதானே டாக்டர் சொன்னாள், அதற்குப் புரியும். சங்கரவடிவு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. இதற்கு மேல் போக முடியாமல் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள், அவ்வளவுதான்.

மதிப்பெண் தாள்களில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டியாயிற்று. தாழ்வாரத்தின் கோடிக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கல்லூரிப் பஸ்கள் கிளம்புகிற நேரம். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள், ஒரு நர்ஸ் எடுத்தாள், பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். "சொல்லுங்கம்மா, என்ன முடிவு பண்ணிருக்கீங்க? டாக்டர் கேட்டு வைக்கச் சொன்னாங்க." சங்கரவடிவு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "குழந்தை வேண்டாம்" என்றாள். எட்டு வருடத்தில் எத்தனையோ இடத்தில் நின்று எத்தனையோ மாதிரி சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் மாறியிருந்தது. "கேக்கலம்மா, அங்க ஒரே எரைச்சலா இருக்கு. சத்தமாச் சொல்லுங்க." ஒரு பஸ் ஹாரன் அடித்தது. "குழந்தை வேண்டாம்னு சொன்னேன். வேண்டாம்."

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். தூணுக்குப் பக்கத்தில், வழியனுப்ப வந்த ஜெபக்கனி நின்றுகொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றாள் நர்ஸ். "நாளைக்குக் காலைல வந்து அட்மிட் ஆயிருங்க. கூட ஒரு பொம்பளையாளு கண்டிப்பா வேணும். லேபர் வார்டுக்குள்ள ஆம்பளைய விட மாட்டோம். அம்மாவோ மாமியாரோ யாராவது."

"அவங்க யாருக்கும் தெரியாது" என்றாள் சங்கரவடிவு.

"யாராவதும்மா. தனியா இருக்க முடியாது பாத்துக்கிடுங்க." வைத்துவிட்டாள்.

ஜெபக்கனியின் முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு கோபம் போல ஒன்று. "மத்தியானம் நான் கைய வச்சு..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "என்னட்டி வேடிக்க? பஸ்ஸு போயிரும், போங்க" என்று கத்தினாள். பெண்கள் தடதடவென்று இறங்கிப்போனார்கள். தாழ்வாரம் காலியாயிற்று.

"என்ன குறை?" என்றாள்.

சங்கரவடிவு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் இடுப்புக்குக் கீழே, முதுகு முடிகிற இடத்தில் தொட்டுக் காட்டினாள். ஜெபக்கனி அந்தக் கையையே பார்த்தாள். மூன்று வருடமாக நடத்துகிறவள், அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் கண்களை மூடினாள், ஜெபம் பண்ணப் போகிறாள் என்று நினைத்துச் சங்கரவடிவு பயந்தாள். உதடுகள் அசையவில்லை. கண்ணைத் திறந்தபோது அவளுக்கு வயதாகியிருந்தது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். மேடம் என்று சொல்லவில்லை.

சங்கரவடிவு பெயரைச் சொன்னாள், நாளைக்குக் காலையில் கூட ஒரு பொம்பளையாள் வேண்டுமாம் என்றும் சொன்னாள்.

ஜெபக்கனி சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.